கிளெப்சியெல்லா டி.என்.ஏ. எடுக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கொலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா பற்றித்தான் என் எம்.எஸ்சி. புராஜெக்ட். 2015-இல் சீனாவிலிருந்து அறிவிக்கப்பட்ட எம்சிஆர்-1 ஜீன் (கொலிஸ்டினை எதிர்க்க வைப்பது) என் மாதிரிகள் எதிலும் இல்லை. ஆனால் எம்ஜிஆர்பி (இது உடைந்தாலும் கொலிஸ்டினுக்கு அடங்காது) ஜீனின் பி.சி.ஆர். பேண்டு சிலவற்றில் ஆயிரம் பேஸுக்கு மேல் பெரிதாக வருகிறது. இன்செர்ஷன் சீக்வென்ஸ் (இடம் விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு) உள்ளே புகுந்து ஜீனை உடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஜீனோமில் அந்தத் துண்டு வேறெங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க, டி.என்.ஏ.வை நீளமாகப் படிக்கும் நானோபோர் சீக்வென்சிங்தான் சரி. குட்டி ரீடுகளை (படித்த துண்டுகளை) ஒட்டி ஜீனோமை உருவாக்கினால் அசெம்பிளி அந்த இடத்திலேயே அறுந்துவிடுகிறது.

சிக்கல் கேப்ஸ்யூல், அதாவது பாக்டீரியாவைச் சுற்றியுள்ள பாலிசாக்கரைடு (சர்க்கரைச் சங்கிலி) உறை. டி.என்.ஏ. பசை மாதிரி டிப்பில் ஒட்டி நூலாக இழுபடுகிறது. 260/230 (டி.என்.ஏ.வின் சுத்தத்தைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதம்) ஒன்றைத் தாண்டவில்லை. சி.டேப் (CTAB டிடர்ஜென்ட்) போட்டால் இந்தப் பாலிசாக்கரைடு போகுமா? உப்பு எவ்வளவு வைக்கிறீர்கள்? நீளமான இழைகள் உடையாமல் எடுத்தவர்கள் உங்கள் புரோட்டோகாலைத் தயவுசெய்து பகிருங்கள்.