புதிய ஃபேஷனைப் பின்பற்றினால் நமது பாணி தொலைந்துபோகுமா?

மண்நிறம் எழுதியது:

சென்ற வாரம் என் அலமாரியைக் காலி செய்து, எல்லா ஆடைகளையும் கட்டிலின் மேல் பரப்பி எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 43 இருந்தன. அவற்றில் பதினொன்றை நான் இரண்டு முறைக்கு மேல் அணிந்ததே இல்லை. அந்தப் பதினொன்றையும் வாங்கிய காலத்தில் என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் அதே மாதிரிதான் உடுத்திக்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர, அவற்றை வாங்கியதற்கு வேறு காரணம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. தோள் தையல் கையின் பாதி வரை இறங்கி நிற்கும் பழுப்பு நிற ஜாக்கெட் ஒன்றில், விலைச்சீட்டைக் கட்டியிருந்த நூல்கூட இன்னும் கழுத்துப்பட்டியிலேயே தொங்குகிறது.

ஜேம்ஸ் லேவர் என்ற பிரிட்டிஷ் ஆடை வரலாற்றாசிரியர் 1937இல் வேடிக்கையான கால அட்டவணை ஒன்றை வகுத்தார். தன் காலத்துக்குப் 10 ஆண்டுகள் முன்னதாக வரும் ஆடையை அநாகரிகம் என்பார்கள். ஓராண்டு முன்னதாக வந்தால் துணிச்சல் என்பார்கள். உரிய காலத்தில் நேர்த்தி, ஓராண்டு கழிந்தால் களையிழந்தது, 10 ஆண்டுகள் கழிந்தால் விகாரம், 20 ஆண்டுகள் கழிந்தால் கேலிக்கூத்து. 150 ஆண்டுகள் கழிந்தாலோ பேரழகு. துணியும் தையலும் அப்படியே இருக்க, பார்க்கிறவர்கள் மட்டும் பெயரை மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

ஆகவே இனி ஐந்து நிறங்கள், மூன்று வெட்டு வடிவங்கள், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஃபேஷனைப் பின்பற்றுகிறவருக்குத் தனிப்பாணி என்று ஒன்று இருக்கவே முடியாது என்பது என் வாதம். மறுப்பவர்கள் எழுதுங்கள்.

ஏழாம்பொத்தான் எழுதியது:

மறுக்கிறேன். அந்த மூன்று வெட்டுகள் எவை என்று நீங்கள் சொல்லவில்லை. ஆனாலும் அவற்றில் ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கட்டாயம் இருக்கும் என்று துணிந்து ஊகிக்கிறேன். உழைப்பாளிகளின் பேண்ட் பாக்கெட்டுகள் கிழியாமல் இருக்கச் செம்பு ரிவெட் அடிக்கும் முறைக்கு லீவை ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் 1873இல் காப்புரிமை பெற்றார்கள். ஜீன்ஸின் தொடக்கம் அதுதான். டி-ஷர்ட்டோ, சீருடைக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் உள்ளாடையாக இருந்தது. இவ்விரண்டையும் வீதிக்குக் கொண்டுவந்தது ஃபேஷன்தான். கோகோ ஷனேல் வடிவமைத்த எளிய கருப்பு உடையின் படத்தை 1926இல் அமெரிக்க 'வோக்' இதழ் வெளியிட்டு, எல்லோரும் அணியப்போகும் உடை என்ற பொருளில் அதை ஃபோர்டு காருக்கு ஒப்பிட்டது. மேற்கு நாடுகளில் ஒரு பெண் கருப்பு உடுத்தினால் வீட்டில் துக்கமோ என்று பலர் எண்ணிய காலம் அது. இன்று கருப்பைத்தான் எந்தக் காலத்துக்கும் பொதுவான நிறம் என்று சொல்கிறோம். காலத்தைக் கடந்தது என்று நீங்கள் நம்பி வைத்திருக்கும் ஆடைகள் எல்லாம், வந்தபின் திரும்பிப் போகாமல் தங்கிவிட்ட பழைய ஃபேஷன்களே.

இன்னொன்றும் உண்டு. ஃபேஷனை வேண்டுமென்றே புறக்கணிப்பவரும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடக்கிறார் என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் ஸிம்மல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். உங்கள் ஐந்து நிறங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

மண்நிறம் எழுதியது:

ஊகம் சரிதான், ஜீன்ஸ் இருக்கிறது. ஆனால் பிறப்பு வரலாற்றைச் சொல்லி என் வாதத்தின் மையத்தைத் தாண்டிப் போகிறீர்கள். ஜீன்ஸ் ஊன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. இன்று ஒரு போக்கு தோன்றி மறையச் சில வாரங்கள் போதும். 2000க்குப் பின் வந்த 15 ஆண்டுகளில் உலகின் ஆடை உற்பத்தி ஏறத்தாழ இரண்டு மடங்கானது என்றும், அதே காலத்தில் ஓர் ஆடையைக் கழிப்பதற்குள் அணியும் தடவைகள் 36 விழுக்காடு குறைந்தன என்றும் எலன் மெக்கார்த்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. கழித்த துணியில் மீண்டும் ஆடையாவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த வேகத்தில் ஒருவர் நிதானித்துத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை நான் எப்படி நம்புவது?

அகலக்கால் எழுதியது:

நண்பர் மண்நிறம் அவர்களே, வேண்டியதை வேண்டியபோது வாங்கும் வாய்ப்பு எல்லோருக்கும் எப்போதும் இருக்கிறது என்ற எண்ணத்திலேயே நீங்கள் பேசுகிறீர்கள். ஸ்கின்னி ஜீன்ஸ் கொடிகட்டிப் பறந்த ஆண்டுகளில் உடை மாற்றும் அறையின் கண்ணாடி முன்னால் நான் நின்ற நிலையைச் சொல்கிறேன். எனக்குத் தொடை பருமன், இடை சிறுத்தது. தொடைக்குச் சரியான அளவை எடுத்தால், இடுப்பின் பின்பக்கம் ஒரு கை தாராளமாக நுழையும். இடைக்குச் சரியானதை எடுத்தால், முழங்காலுக்கு மேல் ஏறவே ஏறாது. தளர்ந்த காலும் உயர்ந்த இடுப்பும் கொண்ட பேண்ட் கேட்டால், அது பழைய மாடல், இப்போது வருவதில்லை என்பார்கள். அப்போது எனக்கும் ஒரு பாணி மனத்தில் இருந்தது. அதை உடுத்திக்காட்டத் துணிதான் இல்லை.

பிறகு அகலக் கால் பேண்ட் திரும்பி வந்தது. முதன்முறை அணிந்து உட்கார்ந்தபோது முழங்கால் இழுக்கவில்லை, இடுப்புப்பட்டி பின்னால் வாயைத் திறக்கவில்லை. ஒரே மாதிரியில் நான்கு வாங்கினேன். (என் புனைபெயரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு காரியத்தில் மட்டும்தான் நான் அகலக்கால் வைத்தேன்.) ஊர் முழுக்க அதை அணிந்த நேரத்தில் நானும் அணிந்ததால், என்னைப் பார்த்தவர்கள் டிரெண்டின் பின்னால் ஓடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். நானோ பல ஆண்டுகள் காத்திருந்தேன். அந்த அலை ஓய்ந்த பிறகும் அந்த நான்கும் என்னிடம் இருக்கும். தமக்குப் பொருந்தும் வெட்டு எது என்று முன்பே அறிந்துவைத்திருப்பவருக்கு, ஃபேஷன் என்பது அது கடைக்கு வரும் பருவம், அவ்வளவே.

ஏழாம்பொத்தான் எழுதியது:

அருமை. இதோடு மனநிலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மருத்துவர் அணியும் வெள்ளை அங்கி என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கோட்டை அணிந்தவர்கள் கவனச் சோதனையில் மேம்பட்டார்கள் என்று 2012இல் ஓர் ஆய்வு வந்தது. புதிய ஆடை மனிதரையே மாற்றுகிறது.

மண்நிறம் எழுதியது:

அந்த ஆய்வில் இருந்த ஒரு சோதனையை வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 2019இல் வெளியிட்டபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. அதை விட்டுவிடுவோம். அகலக்கால் சொன்னதற்கு என்னிடம் மறுப்பு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் தம் உடலை அறிந்தவர். பெரும்பாலோர் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகத்தானே வாங்குகிறார்கள்? என் பதினொன்றும் அப்படி வந்தவைதான்.

கத்தரி எழுதியது:

முப்பது ஆண்டுகளாகத் துணி வெட்டுகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரு சொல். நீங்கள் எல்லோரும் ஃபேஷனை ஒரே பொருளாகப் பேசுகிறீர்கள். வெட்டு மேசையில் அது மூன்று நான்கு மாற்றங்களாகப் பிரிந்துவிடும்: இடுப்பு ஏறும் அல்லது இறங்கும், கால் அகலும் அல்லது ஒடுங்கும், தோள் நீளும் அல்லது குறுகும், கீழ்விளிம்பு ஏறி இறங்கும். நிறமும் அச்சும் மேல்பூச்சு. புதிதாக ஒன்றைப் பார்த்ததும் அது அழகா என்று கேட்பதற்கு முன்னால், இவற்றில் எது மாறியிருக்கிறது, அந்த மாற்றம் என் உடம்பில் எங்கே விழும் என்று கேட்டுப் பாருங்கள். ஆடையை உள்புறம் திருப்பித் தையலை ஒட்டி எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இரண்டு விரல் அகலம் இருந்தால் அது நாளை உங்களோடு சேர்ந்து மாறும். நூல் பிரியாமல் ஓரத்தில் போடும் ஓவர்லாக் தையலோடு ஒட்ட வெட்டியிருந்தால், அலை போனதும் அதுவும் போகவேண்டியதுதான்.

1947இல் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் இடை சிறுத்து, பாவாடை அகன்ற உடையை அறிமுகம் செய்தபோது, இத்தனை கஜம் துணியா என்று எதிர்ப்புக் கிளம்பியது. பிரிட்டனில் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது என்பதை நினைத்தால் அந்தக் கோபம் நியாயமானதே. ஆனாலும் அந்த வடிவம் நிலைத்தது. போர்க்காலத்தின் சதுரத் தோள்களும் குறுகிய பாவாடைகளும் பலருக்கு அலுத்திருந்தன. விரும்பியவர்கள் எல்லோரும் பூனைகள் என்று என்னால் சொல்ல முடியாது.

மண்நிறம் எழுதியது:

கத்தரி அம்மா, உங்கள் பதிவைப் படித்தபின் பதினொன்றையும் உள்புறம் திருப்பிப் பார்த்தேன். ஏழில் துணியே விடவில்லை. மூன்று, ஒடுங்கிய பேண்ட்கள். அவற்றின் பக்கத் தையலில் நீங்கள் சொன்ன இரண்டு விரல் இருக்கிறது. மிச்சம் அந்தப் பழுப்பு ஜாக்கெட். ஃபேஷனுக்குக் கட்டுப்படுவதில்லை என்ற என் முடிவில் மாற்றமில்லை. எனினும் அந்த நிறம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. தோளை உள்ளே கொண்டுவர முடியுமா?

கத்தரி எழுதியது:

தோளில் கைவைத்தால் கை இணையும் வளைவையும் பிரித்துப் புதிதாக வெட்ட வேண்டியிருக்கும், கழுத்துப்பட்டியும் நகரலாம். அது வேண்டாம். கை நீளத்தை மட்டும் மணிக்கட்டுப் பக்கம் குறைத்துப் பாருங்கள். தோள் இறங்கியிருப்பது பாதி மறைந்துவிடும். கைநுனியில் பொத்தான் துளைகள் வெட்டியிருக்கின்றனவா, இல்லை பொத்தான்களை வெறுமனே மேலே தைத்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். துளை வெட்டியிருந்தால் அதுவும் முடியாது.

மண்நிறம் எழுதியது:

வெறுமனே தைத்திருக்கிறார்கள். விலைச்சீட்டு நூலையும் இப்போதுதான் கத்தரித்தேன்.