புதுப்பிப்பு: கறிவேப்பிலை இலை நுனி கருகியது, காரணம் தெரிந்துவிட்டது

தண்டையார்பேட்டை மொட்டை மாடியில் எங்கள் கறிவேப்பிலைச் செடியின் இலை நுனியெல்லாம் கருகுகிறதே என்று பங்குனியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செடி பிழைத்துவிட்டது.

முதலில் வேப்பெண்ணெய் அடித்தோம். பத்து நாளாகியும் மாற்றமில்லை. "தண்ணீரில் உப்பு இருக்கலாம், தொட்டி விளிம்பைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரி. விளிம்பைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கடலோரம் என்பதால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. வெயிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

அடித்துளை வழியே நன்றாக ஓடும்வரை மெட்ரோ தண்ணீரை (சென்னைக் குடிநீர் வாரியத் தண்ணீர்) மூன்று முறை ஊற்றினோம். அப்புறம் போர் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஏசியிலிருந்து சொட்டுவதை வாளியில் பிடிக்கிறோம். அதில் உப்பு மிகக் குறைவு. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் வீட்டுக்காரர்தான் அதை மாடிக்குத் தூக்கிப்போய் ஊற்றுகிறார், பாவம், தூங்கக்கூடப் போகாமல்.

மூன்றாம் வாரம் துளிர் வந்தது. கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, துளிரைத்தான் பார்க்க வேண்டும்.

எதிர்பாராதது ஒன்று: அதே தண்ணீர் ஊற்றிய பக்கத்துத் தொட்டி மல்லியும் மொட்டு விட்டிருக்கிறது. நேற்று சாயங்காலம் ஏழு எண்ணினேன்.