கொலஸ்ட்ரோல் கூட இருக்கிற ஆளுக்கு முட்டை எத்தனை?

வடலி:
அம்மாக்கு 58 வயது. போன கிழமை எடுத்த லிப்பிட் ரிப்போட்: மொத்தக் கொலஸ்ட்ரோல் 248, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரோல்) 164, எச்.டி.எல். (நல்ல கொலஸ்ட்ரோல்) 46, ரைகிளிசரைட் (ரத்தத்திலை உள்ள இன்னொரு கொழுப்பு) 190, எல்லாம் மி.கி./டெ.லீ. கணக்கிலை. வெறுவயித்துச் சீனி 96, பிறஷர் இல்லை. மூண்டு மாசம் சாப்பாட்டிலை பார்த்திட்டுக் குளிசையை யோசிப்பம் எண்டு டொக்டர் சொல்லியிருக்கிறார். அவ காலமையில ரெண்டு அவிச்ச முட்டை சாப்பிடுறவ. முழுக்க நிப்பாட்டிறதோ, வெள்ளைக்கரு மட்டும் குடுக்கிறதோ? ஊர்க்கோழி முட்டை எண்டால் பறவாயில்லை எண்டு கனபேர் சொல்லுகினம். காடை முட்டையிலை கொலஸ்ட்ரோலே இல்லையாம். எது சரி?

தட்டுக்கணக்கு:
முழுக்க நிப்பாட்டத் தேவையில்லை, குறைக்க வேணும். 50 கிராம் முட்டை ஒண்டிலை ஏறக்குறைய 186 மி.கி. கொலஸ்ட்ரோல் இருக்கு, அவ்வளவும் மஞ்சட்கருவிலைதான். ரெண்டெண்டால் 370. சாப்பாட்டிலை 100 மி.கி. கூடினால் ரத்தத்திலை மொத்தக் கொலஸ்ட்ரோல் சராசரியா 2 புள்ளி (மி.கி./டெ.லீ.) அளவிலை ஏறும். அப்ப ரெண்டு முட்டையையும் அடியோடை விட்டாலும் இறங்கப்போறது ஏழு, எட்டுப் புள்ளிதான். 164 ஐ அது 100 ஆக்காது.

காரணம், ரத்தத்திலை ஓடுற கொலஸ்ட்ரோலிலை பெரும்பங்கை உடம்பே செய்யுது. வாயாலை கூடப் போனால் ஈரல் தன்ரை உற்பத்தியைக் கொஞ்சம் குறைச்சுக்கொள்ளும். ஆனால் எல்லாற்றை ஈரலும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு அதே ரெண்டு முட்டைக்கு எல்.டி.எல். நல்லா ஏறும், சிலருக்கு அசையாது. ஆளைப் பார்த்துச் சொல்ல ஏலாது, ரிப்போட்தான் சொல்லும்.

அமெரிக்க உணவு வழிகாட்டி நாளுக்கு 300 மி.கி. எண்டு வைச்சிருந்த எல்லையை 2015 ஆம் ஆண்டுப் பதிப்பிலை எடுத்திட்டினம். அதைக் காட்டி 'முட்டைக்கு விடுதலை' எண்டு கதைக்கிறவை, அதே பதிப்பு கொலஸ்ட்ரோலை முடிஞ்சவரை குறைச்சுச் சாப்பிடச் சொன்னதை விட்டிடுவினம்.

அம்மாக்கு என்ரை கணக்கு: கிழமைக்கு மூண்டு, நாலு மஞ்சட்கரு. மற்ற நாளுக்கு வெள்ளைக்கரு ரெண்டு, இல்லாட்டி ஒரு கோப்பை அவிச்ச பயறோ கடலையோ. நீரிழிவோ ஏற்கெனவே இருதய வருத்தமோ இருந்தால் இன்னும் இறுக்க வேணும். அவவுக்கு அது ரெண்டும் இல்லை.

அடுப்படி:
முட்டையை விட்டிட்டு அது கிடக்கிற சட்டியைப் பாருங்கோ. எல்.டி.எல்.ஐ ஏத்திறதிலை நிரம்பிய கொழுப்புக்குத்தான் (saturated fat) முதலிடம். ஈரலிலை எல்.டி.எல்.ஐப் பிடிச்சு உள்ளை இழுக்கிற வாங்கிகள் இருக்கு. நிரம்பிய கொழுப்பு அதுகளைக் குறைச்சுப்போடும், ரத்தத்திலை எல்.டி.எல். தேங்கி நிக்கும்.

நாளுக்கு 1600 கலோரி சாப்பிடுற, கொலஸ்ட்ரோல் கூடின ஆளுக்கு நிரம்பிய கொழுப்பு 12 கிராமுக்குள்ளை நிக்க வேணும். முட்டை ஒண்டிலை 1.6 கிராம். அதே முட்டையை ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயிலை பொரிச்சால், அந்த எண்ணெய் முழுக்க உள்ளை போனால் இன்னும் 11 கிராம். புட்டோடை ஒரு பிடி தேங்காய்ப்பூ (30 கிராம் அளவு) 9 கிராம். இனிக் கனபேர் எண்ணாதது பால்தேத்தண்ணி: முழு ஆடைப் பால்மா ரெண்டு மேசைக்கரண்டி நிறையப் போட்டால் மூண்டரைக் கிராம் வரைக்கும், அதாவது ரெண்டு முட்டைக்குச் சமன். காலமையும் பின்னேரமும் குடிக்கிறவ முட்டையை மட்டும் நிப்பாட்டி என்ன பலன்?

எங்கடை சமையலை விடாமலே குறைக்கலாம். தேங்காயின்ரை முதற்பாலிலைதான் கொழுப்புக் கூட. அவவின்ரை சொதியை ரெண்டாம், மூண்டாம் பாலிலை வைச்சு, தடிப்புக்கு அவிச்சு மசிச்ச பருப்பு ஒரு கரண்டி விடுங்கோ. தேசிப்புளியை இறக்கி வைச்ச பிறகு விடாட்டித் திரையும். முட்டைக்குழம்புக்கு அவிச்ச முட்டையைப் பொரிக்காமல், கத்தியாலை நாலு கீறல் போட்டு நேரே குழம்பிலை விட்டால் உறைப்பு உள்ளை இறங்கும். தாளிக்க நல்லெண்ணெய் (அதிலை நிரம்பியது 14 சதவீதந்தான்), ஒரு ஆளுக்கு மாதம் அரை லீற்றர் கணக்கிலை அளந்து வையுங்கோ. 'மரக்கறி எண்ணெய்' எண்டு வாங்கிறதின்ரை லேபலை வாசியுங்கோ, பாம் எண்ணெயெண்டால் அரைவாசி நிரம்பிய கொழுப்பு.

கடைக் கொத்துரொட்டியிலை முட்டையைக் குற்றம் சொல்லுறது அநியாயம். மாஜரினும் மைதாவுந்தான் அங்கை வேலையைக் காட்டுறது.

தட்டுக்கணக்கு:
காடைக்கும் ஊர்க்கோழிக்கும் பதில் சொல்ல விட்டிட்டன். காடை முட்டை ஒண்டு 9 கிராம், அதிலை 76 மி.கி. அளவு கொலஸ்ட்ரோல். அஞ்சு காடை முட்டை ரெண்டு கோழி முட்டைக்குச் சமன். 'கொலஸ்ட்ரோலே இல்லை' எண்டது வியாபாரக் கதை. ஊர்க்கோழி முட்டை அளவிலை சின்னன் எண்டதாலை கொஞ்சம் குறையலாம், ஆனால் மஞ்சட்கரு மஞ்சட்கருதான். நிறம் கடுஞ்செம்மஞ்சளா இருக்கிறது கோழி தின்ற இலைகுழையாலை. தாரா முட்டை எண்டால் ஒண்டே 600 மி.கி.ஐத் தாண்டும். அவவுக்கு அது வேண்டாம்.

கணவாய் 100 கிராமிலை 230 மி.கி. அளவு கொலஸ்ட்ரோல் இருந்தாலும் நிரம்பிய கொழுப்பு மிகக் குறைவு. கிழமைக்கு ஒருக்கா, பாலில்லாத பிரட்டலாச் சமைச்சால் போதும், பயப்பிடத் தேவையில்லை. அண்டைக்கு மஞ்சட்கருவை விடுங்கோ.

குழாயும்_ஊசியும்:
உங்கள் ரிப்போட்டில் எல்.டி.எல். நேரே அளந்ததாகத் தெரியவில்லை, கணக்கிட்டதுபோல் இருக்கிறது: 248 இலிருந்து 46 ஐயும், 190 ஐ ஐந்தால் வகுத்த 38 ஐயும் கழித்தால் சரியாக 164. பல ஆய்வுகூடங்கள் இப்படித்தான் செய்கின்றன. ரைகிளிசரைட் 400 ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு பிழைக்கும், அப்போது நேரடி அளவீடு கேட்க வேண்டும்.

முட்டை அவருக்கு ஏற்றுகிறதா என்று அறிய விரும்பினால், முதல் ஆறு கிழமை மஞ்சட்கருவை மட்டும் நிறுத்தி, மற்றதெல்லாம் அப்படியே விட்டு, அதே ஆய்வுகூடத்தில் 12 மணித்தியால வெறுவயிற்றில் எடுங்கள். தேங்காயையும் பால்மாவையும் அதே நாளில் குறைத்தால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றுமே மாறாதபோதும் எல்.டி.எல். எட்டு, பத்துச் சதவீதம் கூடிக் குறையும். ஆகவே 164 என்பது 155 ஆனதற்கு வெடி கொளுத்த வேண்டாம், 140 ஆனால் முட்டைக்குப் பங்கு இருக்கலாம். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று கிழமைக்குள் எடுக்கவும் வேண்டாம். தொற்று எல்.டி.எல்.ஐத் தற்காலிகமாக இறக்கிப் பொய் சொல்லும்.

சோதனையில் அக்கறை இல்லை, இறங்கினால் போதும் என்றால் எல்லாவற்றையும் ஒன்றாகவே குறையுங்கள். டொக்டர் தந்த மூன்று மாதத்துக்கு அதுவே நல்லது.

இன்னும் ஒன்று, டி.எஸ்.எச். (தைரொயிட் இரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா? தைரொயிட் சுரப்பு குறைந்தாலும் எல்.டி.எல். ஏறும், இந்த வயதுப் பெண்களில் அது அரிதில்லை. எல்.டி.எல். 190 ஐத் தாண்டியிருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ சாப்பாட்டோடு காத்திருக்கச் சொல்லமாட்டேன். பரம்பரைக் கொலஸ்ட்ரோலைச் சாப்பாடு மட்டும் அடக்காது.

வடலி:
நன்றி. டி.எஸ்.எச். பார்க்கேல்லை, கேக்கிறன். ஒண்டாவே குறைக்கப்போறம். கடைசியா ஒண்டு: கிழமையிலை ரெண்டு நாள் முட்டைக்கோப்பி குடிக்கிறவ. அந்த மஞ்சட்கருவையும் நாலுக்குள்ளை எண்ணுறதோ?

அடுப்படி:
ஓம், எண்ணுங்கோ. அடிச்சாலும் அவிச்சாலும் கொலஸ்ட்ரோல் அதேதான். கோப்பிச் சூடு முட்டையை முழுக்க வேகவைக்காது, சல்மொனெல்லாக் கிருமி இருந்தால் வயித்தோட்டம். அதாலை அவிச்சே குடுங்கோ. கோப்பியையும் கவனியுங்கோ: தூளைப் போட்டுக் கொதிக்கவைச்சு வடிக்காமல் குடிச்சால், கோப்பியெண்ணெயிலை உள்ள கஃபெஸ்டோல் எல்.டி.எல்.ஐ ஏத்தும். நாளுக்கு நாலைஞ்சு கோப்பை எண்டால் ரிப்போட்டிலை தெரியும். கடதாசி வடியிலை வடிச்சால் அது பெரும்பாலும் வடியிலையே நிண்டிடும்.