மறு: மெட்டலோதயோனின் – "நச்சுநீக்கி" வேண்டாம், "கந்தகப்பிடிப் புரதம்" என்போம்

அன்பின் நண்பர்களுக்கு, திருகோணமலையில் இருந்து வணக்கம். உடம்பில் உலோகங்களைப் பிடித்துவைக்கும் மெட்டலோதயோனின் (metallothionein) என்ற புரதத்துக்கு எங்கள் கட்டுரையில் என்ன தமிழ்ப்பெயர் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> "நச்சுநீக்கிப் புரதம்" என்று வைத்தால் வாசிப்பவருக்கு உடனே பிடிபடும்.

அக்கா, பிடிபடும். ஆனால் பிழையாகப் பிடிபடும். கட்மியம் (cadmium) என்ற நச்சு உலோகம் எலும்பை எப்படிக் கெடுக்கிறது, துத்தநாகம் அதை எப்படி ஓரளவு தடுக்கலாம் என்று விளக்கத்தானே இந்தச் சொல்லைத் தேடுகிறோம். அந்த விளக்கத்திலேயே "நச்சுநீக்கி" இடறிவிடும்.

உணவோடும் புகையிலைப் புகையோடும் உள்ளே போகிற கட்மியம் முதலில் ஈரலில் சேர்கிறது. ஈரல் உடனே இந்தப் புரதத்தைக் கூடுதலாக ஆக்குகிறது. அறுபது சொச்சம் அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். அவற்றில் 20 சிஸ்டீன் என்ற வகை, ஒவ்வொன்றிலும் ஒரு கந்தகம். இந்தக் கந்தகங்கள் சேர்ந்து 7 துத்தநாக அயன்களையோ கட்மிய அயன்களையோ இறுக்கிப் பிடிக்கும். கட்மியம் வந்தால் துத்தநாகம் இடம் விட்டுப்போகும், ஏனென்றால் கந்தகத்துக்குக் கட்மியத்தின் மேல்தான் பிடி கூட. பிடிபட்டிருக்கும்வரை கட்மியத்தால் பெரிய தீங்கில்லை.

இதோடு கதை முடிந்தால் "நச்சுநீக்கி" பொருந்தும். முடிவதில்லை. இந்தப் புரதம் கட்மியத்தையும் சுமந்துகொண்டு ஈரலில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்குகிறது. சின்னது என்பதால் சிறுநீரக வடிகட்டியைத் தாண்டிவிடும். அதற்கடுத்த நுண்குழாயின் கலங்கள் அதை உள்ளே இழுத்துச் சிதைக்கும்போது கட்மியம் விடுபடுகிறது. சிறுநீரகமும் தன் பங்குக்கு அதே புரதத்தை ஆக்கி மறுபடி பிடிக்கப் பார்க்கும். அளவு மிஞ்சினால் நுண்குழாய் பழுதாகும். அங்கே சேர்ந்த கட்மியம் பாதியாகக் குறையவே 10 முதல் 30 ஆண்டு பிடிக்கும். விற்றமின் டி முழு வேலைக்குத் தயாராவது சிறுநீரகத்தில். அது தடைப்படுகிறது, கல்சியமும் சிறுநீரோடு போகிறது. எலும்பு இளகி ஒடிகிறது. ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் படுகையில் கண்ட "இத்தாய் இத்தாய்" நோய் இதுதான். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பல பிள்ளை பெற்ற, நடுவயது தாண்டிய பெண்கள். மேலே இருந்த கமியோக்கா சுரங்கத்தின் கழிவு ஆற்றோடு வயலுக்குப் போய், நெல்லில் ஏறியது. 1968இல் அந்த அரசு அதை மாசினால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அது துத்தநாகச் சுரங்கம் என்பதையும் கவனியுங்கள். இரண்டும் ஒரே தாதுவில் கிடப்பவை, ஆவர்த்தன அட்டவணையிலும் ஒரே கூட்டம்.

அந்த உறவால்தான் துத்தநாகத்துக்கு இதில் வேலை இருக்கிறது. குடலில் இரண்டுக்கும் சில வாசல்கள் பொது. துத்தநாகம் போதாத உடம்பு கட்மியத்தைக் கூடுதலாக உறிஞ்சும். துத்தநாகம் நம்முடைய இந்தப் புரதத்தையும் கூட்டும். குடற்சுவர்க் கலத்தில் பிடிபட்ட கட்மியம் அந்தக் கலம் உதிரும்போது மலத்தோடு போய்விடும். எலும்பு கட்டும் கலங்களின் அல்கலைன் பொசுபற்றேசு நொதியத்துக்கும் துத்தநாகம் வேண்டும். கட்மியம் கலந்த தண்ணீர் குடித்த எலிகளுக்குத் துத்தநாகமும் கொடுத்தபோது எலும்புச் சேதம் குறைந்தது, முற்றாக நிற்கவில்லை. மனிதரில் அந்த அளவுக்கு உறுதி இன்னும் இல்லை. எங்கள் கட்டுரையில் "காக்கும்" என்று எழுதாமல் "காக்கலாம்" என்றே எழுதவேண்டும்.

ஊர் உதாரணம் ஒன்று. இங்கே கணவாய் வெட்டும்போது மைப்பையோடு குடலையும் எறிந்துவிடுவார்கள். நண்டில் அப்படியில்லை. ஓட்டைத் திறந்ததும் தெரிகிற மஞ்சள் கூழைத்தான் பலர் விரலால் வழித்துச் சாப்பிடுவது. ஈரலும் கணையமும் சேர்ந்தது போன்ற உறுப்பு அது. சதையைவிடக் கட்மியம் அங்கேதான் கூடச் சேரும், அதைப் பிடித்து வைத்திருப்பதும் இதே வகைப் புரதம். நண்டுக்கு அது பாதுகாப்பு. தின்கிறவருக்கு அதே கட்மியம் உள்ளே வருகிறது. இதை ஒரு பிள்ளைக்கு "நச்சுநீக்கி" என்று சொல்லிக்கொடுத்தால், கூழை நல்லதென்று நினைக்காதா? பெரியவர்கள் கடையில் துத்தநாகக் குளிசை வாங்கப் போவார்கள். ஒரு நாளுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டி நெடுநாள் எடுத்தால் உடம்பில் செம்பு குறைந்துவிடும்.

> "உலோகப் புரதம்" போதாதா?

போதாது சேர். ஈமோகுளோபினும் உலோகப் புரதம்தான். இதன் தனித்தன்மை கந்தகம். மூலப்பெயரில் உள்ள "தயோ"வும் கந்தகத்தைத்தான் குறிக்கிறது. ஆகவே கந்தகப்பிடிப் புரதம். கந்தகத்தைப் பிடிப்பது என்று எடுத்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கில்லை. வாள்வெட்டு என்றால் வாளை வெட்டுவது என்று யாரும் எடுப்பதில்லை. கந்தகத்தால் பிடிப்பது, மூன்றாம் வேற்றுமைத் தொகை. "துத்தநாகப் பிடி", "கட்மியப் பிடி" என்று அது நிற்கும் நிலைகளையும் இதே சொல்லால் பிரித்துச் சொல்லலாம். நல்லதென்றோ கெட்டதென்றோ அந்தப் பெயர் தீர்ப்புச் சொல்வதும் இல்லை.

அப்புறம், எங்கள் பாடநூலில் துத்தநாகத்தை "நாகம்" என்றுதான் எழுதுவோம். நஞ்சைப் பற்றிய கட்டுரையில் அது பாம்பாகிவிடும், ஆகவே இரு கரைக்கும் துத்தநாகமே இருக்கட்டும். கந்தகமா சல்பரா என்பதில் மட்டும் தமிழகத்து நண்பர்கள் உங்கள் பாடநூல் வழக்கைச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு எலும்பை அரிக்கும் கலத்தின் பெயருக்குப் போவோம்.