புதுப்பிப்பு: மாடல் படகு லைட் எரிய ஆரம்பிச்சிருச்சு!
6 வோல்ட் பேட்டரில சைடு லைட் ரெண்டுக்கும் கரண்ட்டைக் கட்டுப்படுத்துற ரெசிஸ்டர் ஒண்ணே போதுமான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, போட்டுப் பாத்தாச்சு, போதாதுங்க. சிவப்பு எல்இடிக்கு சுமார் 2 வோல்ட் போதும், பளிச்னு எரியுற பச்சைக்கு 3 வோல்ட் கிட்ட வேணும், அதனால பேரலல்ல, அதாவது ரெண்டையும் இணையா ஒரே ரெசிஸ்டர்ல சேர்த்தா கரண்ட் பூரா சிவப்பு வழியாவே போயிடுது, பச்சை எரியவே இல்ல. இப்போ தனித்தனி ரெசிஸ்டர், சிவப்புக்கு 470 ஓம், பச்சைக்கு 330 ஓம், அவ்ளோ அழகா இருக்கு!! எல்இடில நீளக் கால்தான் பிளஸ். முன்பக்கம் பாத்து நின்னா இடது சிவப்பு, வலது பச்சை. புதுசா பண்றவங்க டெக்க (படகோட மேல்தளம்) ஒட்டுறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எரிய விட்டுப் பாருங்க, சால்டரிங் பண்ண இடத்துல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி இறுக்கிக்கிற குழாய்) கண்டிப்பா போடுங்க, உள்ள கொஞ்சமாவது தண்ணி வரத்தான் செய்யும். அடுத்து மாஸ்ட் (படகோட கம்பம்) லைட், அதுக்கு மெல்லிசான எனாமல் வயர் (மேல பூச்சு பூசின கம்பி) வாங்கி வச்சிருக்கேன்.