தொங்கவிட்டால் குயில்ட் ஓரம் அலை அலையாக வருகிறது, என்ன செய்யலாம்?

போட்டிக்காக ஏழு மாதம் தைத்த குயில்ட் (இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் விரிப்பு) இது. தரையில் விரித்தால் பெரிதாகத் தெரியவில்லை. கம்பியில் தொங்கவிட்டால் நான்கு ஓரமும் அலை அலையாக மடிகிறது. கண்காட்சியில் அது தொங்கத்தானே போகிறது! ஒப்படைக்க இன்னும் 18 நாள்தான்.

அளவு 60க்கு 72 அங்குலம். மேலும் கீழும் பருத்தி, உள்ளே 80/20 பருத்தி, பாலியஸ்டர் பஞ்சு. நடுப்பகுதியில் கால் அங்குல இடைவெளியில் நெருக்கமான தையல். சுற்றிலும் உள்ள 6 அங்குல பார்டரில் (கரைத் துண்டில்) மட்டும் 2 அங்குல இடைவெளி விட்டேன், அங்கே துணியின் அச்சு அழகாகத் தெரியட்டும் என்று. இப்போது நடுவில் அகலம் 58¾, மேல் ஓரத்தில் 60. இன்னொரு தவறும் செய்தேன்: பார்டரை அளந்து வெட்டவில்லை, நீளத் துண்டாகவே வைத்துத் தைத்துவிட்டு மிச்சத்தை நறுக்கினேன்.

முழுக்க நனைத்து, சதுரம் பார்த்து ஊசி குத்தி இரண்டு நாள் காயவைத்தேன். எடுத்ததும் தட்டையாக இருந்தது, தொங்கவிட்ட மறுநாளே பழையபடி. நீராவி இஸ்திரியும் பலிக்கவில்லை. அப்புறம் கீழ் ஓரத்தின் பைண்டிங்கை, அதாவது விளிம்பை மூடும் பட்டியை, பிரித்து அரை அங்குலம் குறைத்து இழுத்துத் தைத்தேன். அலை கொஞ்சம் குறைந்தது, ஆனால் மூலை கிண்ணம் போலக் குவிந்துவிட்டது. பின்பக்கம் கம்பி நுழைக்கும் துணிக் குழலையும் பிரித்துப் பார்த்தாயிற்று, காரணம் அதுவல்ல.

பார்டரிலும் நடுப்பகுதி அளவுக்கு நெருக்கமாகத் தைத்தால் இந்த ஒன்றேகால் அங்குலம் அடங்குமா, இல்லை பார்டரையே பிரித்து அளந்து மறுபடி வைத்தால்தான் சரியாகுமா?