கம்ப்யூட்டரில் எழுதும் மருந்து எங்கே தப்பாகிறது? தெரிந்தவர்கள் பகிருங்கள்

மருந்தகத்திலிருந்து:
கையெழுத்துப் புரியாத தொல்லை போய், அலகுத் தொல்லை வந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 38.6 கிலோ எடையுள்ள 16 வயதுப் பையனுக்குத் தேவைப்பட்டது கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக். அதிலுள்ள டிரைமெத்தோபிரிம் கணக்கில் 160 மி.கி., அதாவது ஒரே மாத்திரை. திரையில் அலகு ‘கிலோவுக்கு மி.கி.’ என்று நின்றது. 160 என்று அடித்ததும் எடையால் பெருக்கி 6,176 மி.கி. ஆகிவிட்டது. எச்சரிக்கை வந்தும், தினம் குவிகிற எச்சரிக்கைகளோடு அதையும் மூடிவிட்டார்கள். முப்பத்தெட்டரை மாத்திரை! பார்கோடும் பொருந்தியது. பையனுக்கு வலிப்பு வந்தது, நல்லவேளை, பிழைத்தான்.

எழுதிய மருந்தும் கையிலிருக்கும் மருந்தும் ஒன்றா என்றுதான் பார்கோடு பார்க்கும். எழுதியதே தப்பென்றால் அது பிடிக்காது.

வார்டிலிருந்து:
சார் சொல்வது சரி. ஒரு வேளைக்கு நாலைந்து மாத்திரைக்கு மேல் வந்தால், திரை என்ன சொன்னாலும் நிறுத்திவிட்டு மருந்தகத்தைக் கூப்பிட வேண்டும்.

சிஸ்டம் நின்று திரும்பி வரும் நேரம் இன்னும் ஆபத்து. இடையில் தாளில் குறித்துக் கொடுத்த ஊசி, திரையில் ‘கொடுக்கவில்லை’ என்றே இருக்கும். அடுத்த ஷிப்டில் வருபவர் அதையே மறுபடி போட்டுவிடுவார். சிஸ்டம் வந்தவுடன், அடுத்த மருந்தைத் தொடுவதற்கு முன்பே, தாளில் உள்ளதைக் கொடுத்த நேரத்தோடு ஏற்றிவிடுங்கள்.

குழந்தைகள் பிரிவிலிருந்து:
பாராசிட்டமாலை ‘6 மில்லி’ என்று மட்டும் எழுதவே கூடாது. 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 என்றால் 150 மி.கி. ஐந்து மில்லியில் 125 இருக்கும் சிரப்பில் அது 6 மில்லி. 250 இருப்பதில் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 இருக்கும் சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். அதில் 6 மில்லி போனால் நான்கு மடங்கு. மி.கி., மருந்தின் செறிவு, மில்லி மூன்றும் எழுதுங்கள். எடையைப் பழைய பதிவிலிருந்து எடுக்காமல் அன்றே நிறுத்துப் போடுங்கள்.

சிஸ்டர், இன்னொன்று: ‘பெனிசிலின் ஆகாது’ என்று குறிப்புப் பகுதியில் தட்டச்சு செய்தால், பல மென்பொருள்களில் எச்சரிக்கையே வராது. ஒவ்வாமைக் கட்டத்துக்குள் போய், பட்டியலிலிருந்து மருந்தைத் தேர்ந்தெடுத்தால்தான், பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் எழுதும்போது தடுக்கும்.